பேட்டரி இல்லாத சென்சார் எத்தனை மீட்டர் தாங்கும்? எண்ணூருக்கு ஒரு கணக்கு

நல்லூர் டோல்கேட்டைத் தாண்டும் லாரியின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், சென்னைத் துறைமுகத்துக்குள் போகும் ஏற்றுமதி கன்டெய்னரின் கதவில் மாட்டிய மின்னணு சீல் இரண்டிலுமே பேட்டரி கிடையாது. எதிரே இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கரண்டை எடுத்துக்கொண்டு, அதே அலையைக் கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பித் தங்கள் நம்பரைச் சொல்கின்றன. 2017-ல் சுங்கத்துறை கொண்டுவந்த இந்த சீல் ஒரு வகையில் சென்சாரும்கூட. வழியில் யாராவது அறுத்திருந்தால் ரீடரில் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் இதையே வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கவும் மாட்டலாமே? வடசென்னையில் இது சும்மா எழும் கேள்வி அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். பேட்டரி மாற்றவே தேவையில்லாத சென்சார் குப்பத்துக்குக் குப்பம் இருந்தால் நல்லதுதான். ஆனால் முதலில் தூரக் கணக்கைப் போட வேண்டும்.

4 வாட் என்ன ஆகிறது?

இந்த வேலைக்கு இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆன்டெனா குவித்து அனுப்புவதையும் சேர்த்து 4 வாட்டைத் தாண்டக் கூடாது. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1946-ல் வெளியிட்ட சமன்பாட்டில் இதைப் போட்டால், வெட்டவெளியில் 10 மீட்டர் தள்ளியுள்ள எளிய ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது சுமார் 50 மைக்ரோவாட். அதாவது எண்பதாயிரத்தில் ஒரு பங்கு! தூரம் இரண்டு மடங்கானால் கிடைப்பது கால்வாசியாகிவிடும். 5 மீட்டரில் 200 மைக்ரோவாட், 20 மீட்டரில் 12.

நம்பர் மட்டும் சொல்லும் சிப்புக்கு 12 மைக்ரோவாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். பேப்பர் கணக்கில் 20 மீட்டர். வெப்பநிலையையும் அளந்து சொல்ல 100 மைக்ரோவாட் வேண்டும் என்றால் 7 மீட்டர்தான். கோணல், ஈரம், பக்கத்து இரும்பு எல்லாம் சேர்ந்து நாலில் மூன்று பங்கைத் தின்றால், இந்தத் தூரங்களும் பாதியாகும். பவரை இரண்டு மடங்காக்கினாலும் (சட்டம் விடாது) தூரம் 40 சதவீதம்தான் கூடும்.

சென்சாரிடமிருந்து திரும்பி வரும் சிக்னல் இதைவிட மெலிது. ஆனால் ரீடரின் காது ரொம்பக் கூர்மை. அதனால் இங்கே எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சென்சாருக்குப் போய்ச்சேரும் கரண்டு.

கன்டெய்னர் யார்டில் இன்னொரு தலைவலி. இந்த அலையின் நீளம் சுமார் 35 செ.மீ. நேராக வரும் அலையும், இரும்புச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுவரை நோக்கி நேராக நகர்ந்தால், சுமார் 17 செ.மீ.க்கு ஒருமுறை இப்படி ஒரு புள்ளி வரும். ‘இப்பதான் படிக்கல, லாரி கொஞ்சம் நகர்ந்ததும் படிச்சிடுச்சு’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண டேக்கை இரும்பில் நேராக ஒட்டினால் அது ஊமையாகிவிடும். நடுவே இடைவெளி விட்டுச் செய்த தனி வகை வேண்டும்.

அமோனியாவுக்கு?

ஹீட்டர் வைத்து வாயுவை உணரும் சென்சார்களில் பல, நூற்றுக்கணக்கான மில்லிவாட் கேட்பவை. 10 மீட்டரில் கிடைப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு அது. ஹீட்டர் இல்லாத வகைகள் மிகக் குறைவாகவே கேட்கும். ஆனாலும் சில மீட்டருக்கு ஒரு ரீடர், அதற்கு 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும். கரண்ட் இருக்கிற இடத்தில் சென்சாரையே நேராகச் சொருகிவிட்டுப் போகலாமே! கசிவு நடந்த அதே மாதம்தான் மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் தவித்தோம்.

குப்பங்களுக்குப் பொருத்தமானது சோலார் தகடும் பேட்டரியும் உள்ள லோரா வகைச் சென்சார். அதுவும் இதே 865 அலைவரிசைதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். வந்து சேரும் அலை அங்கே செய்தியை மட்டும் சுமந்தால் போதும். யாருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை.

ஆலைக்குள் ஆள் கையில் ரீடரோடு நடந்து பார்க்கும் வால்வு, கேட்டில் நின்று போகும் கன்டெய்னர் போன்ற இடங்களுக்கு பேட்டரி இல்லாத சென்சார் சரிப்படும். விற்க வருபவர் ‘15 மீட்டர் எடுக்கும் சார்’ என்றால், எத்தனை வாட் ரீடரில், இரும்பின் மேல் ஒட்டியா, நம்பர் மட்டும் படித்தா அல்லது சென்சாரும் ஓடும்போதா என்று கேட்டு, அந்த இடத்திலேயே மாட்டிக் காட்டச் சொல்லலாம்.