கரும்பிலிருந்து ஓர் அபூர்வச் சர்க்கரை

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி முருகப் பெருமானைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்களுள், கையில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலை விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்துக்கொண்டு, மீதியைப் பேரக் குழந்தையிடம் கொடுத்துவிடும் பெரியவர்கள் இப்போது பலர். காரணம் சர்க்கரை வியாதி. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்குச் சற்று மேல். பொழுதெல்லாம் தறியில் உட்கார்ந்தே உழைக்கும் நமது நெசவாளர் குடும்பங்கள் இதற்கு விலக்கல்ல. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு பயிரிடும் விவசாயிகளும் நம்மவர்களே. ஒருவர் விளைவிப்பதை மற்றவர் உண்ணலாகாது என்னும் இந்நிலையில், சர்க்கரையாகவே இருந்தும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாத பொருள் ஒன்று உண்டென்றால், அதன் உண்மையை இரு சாராரும் அறிந்துகொள்வது அவசியம்.

அப்பொருளின் பெயர் அல்லுலோஸ். பழங்களிலும் தேனிலுமுள்ள பிரக்டோஸ் என்னும் பழச் சர்க்கரைக்கும் இதற்கும் அணுக்களின் எண்ணிக்கையில் வேற்றுமையே கிடையாது. இரண்டிலும் கரியணு 6, ஹைட்ரஜன் 12, பிராணவாயு 6. மூன்றாவது கரியணுவைச் சார்ந்த ஒரு சிறு பகுதி ஒன்றில் இப்பக்கமும் மற்றொன்றில் அப்பக்கமும் நிற்கிறது, அவ்வளவே. நெசவாளருக்கு இது விளங்காத காரியமன்று. பாவும் ஊடையும் அதே நூல்தான், இழைகளும் அதே எண்ணிக்கைதான். விழுதில் கோக்கும் முறையை மாற்றினால் துணியின் அமைப்பே மாறிவிடுகிறதல்லவா?

இயற்கையில் இது அத்திப் பழம், உலர்ந்த திராட்சை, ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு முதலியவற்றில் மிகச் சொற்பமாக உண்டு. பிரித்தெடுத்துக் கட்டுப்படியாகும் அளவன்று. வழி பிறந்தது ஜப்பான் தேசத்தில். 1991ஆம் ஆண்டில் ககாவா சர்வகலாசாலைப் பேராசிரியர் கென் இசுமோரி, அங்குள்ள விவசாயப் பிரிவின் உணவுச் சாலைக்குப் பின்புறத்து மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றில், பழச் சர்க்கரையை அல்லுலோஸாகத் திருப்பும் நொதியைக் கண்டார். உலகமெல்லாம் தேடியும் கிட்டாதது கொல்லைப்புறத்தில் கிட்டியது என்று சொல்லலாம்.

நொதி நமக்குப் புதியதன்று. பாலைத் தயிராக்கும் உறையிலுள்ள உயிர்களுக்குள் வேலை செய்பவை நொதிகளே. தான் செலவாகாமல் பிறவற்றை மாற்றுவது அதன் இயல்பு. கரும்புச் சர்க்கரையை முதலில் ஒரு நொதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் சரிபாதியாகப் பிளக்கிறது. மற்றொரு நொதி அந்தக் குளுக்கோஸிலும் ஒரு பகுதியைப் பிரக்டோஸாக்குகிறது. மூன்றாவதாக இசுமோரி கண்ட இனத்து நொதி வருகிறது. சிறு மணிகளில் அதனைப் பிணைத்து, உயர்ந்த குழாயில் நிரப்பி, வெதுவெதுப்பான பாகை அதனூடே செலுத்துகின்றனர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நூறு பங்கு பிரக்டோஸில் ஏறத்தாழ முப்பது பங்கு மாறியதும் மாற்றம் நின்றுவிடுகிறது. முன்னே செல்லுமளவுக்குப் பின்னேயும் திரும்பத் தொடங்குவதே காரணம். ஆகவே ஒன்றுபோலவே இருக்கும் இரு சர்க்கரைகளையும் பிசின் மணிகள் நிரம்பிய குழாய்களில் பிரித்து, அல்லுலோஸைப் படிகமாக்கி, மிஞ்சியதை மீண்டும் நொதிக்கு அனுப்புகின்றனர். விலை உயர்வுக்கு முக்கிய காரணம் இந்தப் பிரிப்பு வேலையே. சூட்டைத் தாங்காமல் நொதி சீக்கிரம் கெட்டுவிடுவது இன்னொரு தொல்லை. பஞ்சாப் மாநிலத்து மொகாலியிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையத்தார் இதில் நல்ல வேலை செய்துள்ளனர். 2016இல் பழம், காய்கறிக் கழிவுகளின் சாற்றிலிருந்து அல்லுலோஸ் உண்டாக்கிக் காட்டினர். 2020இல் வெந்நீர் நிலையொன்றின் நுண்ணுயிர்களிடமிருந்து சூடு தாங்கும் நொதிக்குரிய மரபுப் பொருளைப் பெற்றனர்.

இனி, உண்போருக்கு என்ன? இனிப்பு சாதாரணச் சர்க்கரையில் நூற்றுக்கு எழுபது பங்கு. சாதாரணச் சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகையில் இது 0.4 மட்டுமே தருகிறது. உண்டதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டாலும், உடல் அதனை எரிக்க அறியாது சிறுநீரில் அப்படியே கழித்துவிடுகிறது. 2019இல் அமெரிக்க உணவு நிர்வாகம், பண்டங்களின் சீட்டில் மொத்தச் சர்க்கரைக் கணக்கில் இதனைச் சேர்க்க வேண்டாமென்று அறிவித்தது இதனால்தான். மாவுப் பொருளுடன் 5 கிராம் அளவு சேர்த்துண்டால், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறுவது ஓரளவு தணிவதாக ஜப்பானியப் பரீட்சைகள் காட்டின. ஓரளவுதான் என்பதை அழுத்திச் சொல்கிறோம். இது மருந்தன்று. இதனை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது விபரீதம். அளவு மீறினால் வயிறு உப்பும், கழியும். எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராமுக்கு மேல் ஒரே வேளையில் கொள்ளலாகாதென்று கொரிய ஆய்வாளர் கண்டனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 20 கிராம். வருஷக்கணக்கில் உண்டோரைப் பற்றிய நீண்ட ஆய்வுகளும் இன்னும் போதியவையாக இல்லை.

வெல்லத்துக்கு மாறினால் தீங்கில்லை என்று நம் பக்கத்தில் பலர் எண்ணுகின்றனர். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். இரத்தத்தில் அதே வேலையைத்தான் செய்யும்.

கரும்பு விவசாயிகள் இப்பொருளைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. இதற்கு மூலப்பொருள் கரும்பாகவும் இருக்கலாம், மக்காச்சோளமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மக்காச்சோளத்தைக் கொண்டே செய்கின்றனர். ஆனால் நொதிக் குழாய்களும் பிரிப்புக் குழாய்களும் அமைக்கப் பெரும் முதல் வேண்டும். ஓர் ஆலை அதனைத் தனியே தாங்குமா, பல கூட்டுறவு ஆலைகள் ஒன்று சேர்ந்து ஒரே நிலையம் அமைக்கலாமா என்பது அங்கத்தினர் மகாசபையில் கேட்கத் தக்க கேள்வி. அதைக் கேட்கும்போது கரும்பு டன்னுக்கு எவ்வளவு கூடுதல் விலை கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.