முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் உள்தழும்பும்

உணவகக் குசினிகளிலும் களஞ்சியங்களிலும் வருடக்கணக்காகப் பாரம் தூக்கிய எம்மவர்கள் இன்று ஒவ்வொருவராக 'டிஸ்க்' ஒப்பரேசனுக்குப் போகிறார்கள். மொழிபெயர்ப்பாளனாக அவர்களுடன் வைத்தியசாலைகளுக்குச் செல்லும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது இது: "ஒப்பரேசனுக்குப் பிறகு உள்ளுக்குத் தசை ஒட்டிப் போகுமாமே, அதைத் தடுக்க ஏலாதோ தம்பி?"

ஒட்டுவது தசையல்ல, தழும்பு. பிதுங்கிய தட்டை அகற்ற, முள்ளென்பின் பின்வளைவில் ஒரு பகுதியை வெட்டித் திறக்கிறார்கள். அங்கு தேங்கும் குருதிக்குள் முதுகுத் தசைப்பக்கமிருந்து கலங்கள் நுழைந்து நாரிழையத்தைப் பின்னுகின்றன. 1974இல் லாரொக்கா, மக்நாப் என்ற இருவர் இதை விளக்கியிருந்தனர். காலை நீட்டி உயர்த்தும்போது சில மில்லிமீற்றர் வழுக்கிச் செல்லவேண்டிய நரம்புவேர், இத்தழும்பில் சிக்கினால் இழுபடும்.

ஆனால் தழும்பு ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டாகிறது. வலி எல்லோருக்கும் வருவதில்லை. விவகாரமே இங்குதான். 1996இல் 197 நோயாளிகளை வைத்து வெளிவந்த ஆய்வொன்று, தழும்பு அதிகமுள்ளோருக்குக் கால்வலி திரும்பும் வாய்ப்பு 3.2 மடங்கு என்றது. அந்த ஆய்வு, தழும்பைத் தடுப்பதாகச் சொல்லப்பட்ட 'அட்கொன்-எல்' என்ற களியைப் பரிசோதித்த குழுவினுடையது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். பிந்திய ஆய்வுகள் பலவற்றில் இத்தொடர்பு தென்படவில்லை. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற அக்களி, ஆய்வுத் தரவுகள் பற்றிய கேள்விகளின் நடுவே 2001இல் மீளப்பெறப்பட்டது. அடுத்த வருடம் கிளையாடெக் நிறுவனமும் வங்குரோத்தானது. நோயாளியின் சொந்தக் கொழுப்பை வைத்து மூடும் பழைய முறையில், அக்கொழுப்பே நரம்புகளை நெரித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

ஆக, தடுப்பில் பெரும்பங்கு சத்திரசிகிச்சை மேசையிலேயே முடிந்துவிடுகிறது: சிறிய திறப்பு, குருதிக்கசிவை முற்றாக நிறுத்துதல், நரம்பை மென்மையாகக் கையாளுதல். நோயாளியின் கையில் இருப்பது நடத்தல். எம்மவர் வீடுகளிலோ மூன்று மாதம் பெல்ட்டைக் கட்டிப் படுக்கவைத்து, எழும்பினால் ஏசுகிறார்கள். இதற்கு எந்த ஆதாரமுமில்லை. நான்கு முதல் ஆறு வாரங்களில் தொடங்கும் உடற்பயிற்சி வலியை விரைவாகக் குறைக்கிறது என்றே ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. நரம்பை இழுத்து அசைக்கும் விசேட பயிற்சிகள், 2001இல் வெளியான அவுஸ்திரேலியப் பரிசோதனையில், மேலதிக பயனெதனையும் தரவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. காப்புறுதி வைத்தியர்கள் சிலர் எம்.ஆர்.ஐ. படத்தைத் தீர்ப்பாக வாசிக்கிறார்கள். தழும்பு தெரியாவிட்டால் 'வலி பொய்', தெரிந்தால் 'இனி ஒன்றும் செய்ய இயலாது'. மேற்சொன்ன முரண்பட்ட ஆய்வுகள் இவ்விரண்டில் எதற்கும் இடமளிக்கவில்லை. வலி விட்டுத் திரும்பினால், கடோலினிய மருந்தேற்றிய படத்தைக் கேளுங்கள். தழும்பு அம்மருந்தை உறிஞ்சி ஒளிரும். புதிதாகப் பிதுங்கிய தட்டு உடனடியாக ஒளிராது. தட்டென்றால் மறுசத்திரசிகிச்சை உதவக்கூடும். தழும்பென்றால், வெட்டிய இடத்தில் அது மீண்டும் வளரும். சிறுநீர் தடைப்பட்டாலோ, இருக்கும் பகுதி மரத்தாலோ படத்துக்கான திகதிக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.