வயலுக்கு வாய்க்கால், நிரலுக்கு மேடை

குறுவை பயிரிடும் தஞ்சை உழவர் நாற்று விடுவதற்கு முன் அணை கட்டுகிறாரா? ஆறு வெட்டுகிறாரா? இல்லை. மேட்டூர் அணையில் தேங்கிய நீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் புகுந்து, முடிவில் அவருடைய வயல் மடையை அடைகிறது. அணையையும் ஆற்றையும் கவனிக்கத் தனித் துறை இருக்கிறது. எந்த நெல்லை விதைப்பது, எப்போது நடுவது, எப்போது களை எடுப்பது என்பவையே உழவரின் கவலை.

கணிப்பொறி நிரல் எழுதுவோரிடையேயும் இத்தகைய வேலைப் பிரிவினை ஒன்று வந்துள்ளது. ஆங்கிலத்தில் அதைப் 'பிளாட்பார்ம் அஸ் எ சர்வீஸ்' என்பார்கள். நாம் அதை 'மேடைச் சேவை' என்று அழைப்போம்.

நெல்லைப் பற்றாத வேலைகள்

மாணவ நண்பர்களே, நீங்கள் ஒரு நிரல் எழுதப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடைக் காலத்தில் உழவர்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் நாட்கணக்கில் காத்திருக்கக் கூடாது. கைபேசி வழியாகவே தம் முறைக்குரிய நாளைப் பெற வேண்டும். இதுதான் நோக்கம். பெயர், ஊர், மூட்டைக் கணக்கு ஆகியவற்றைப் பெற்று, நிலையம் ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டு, தேதி சொல்ல வேண்டும். பைத்தான் மொழி கற்ற மாணவர் இதை முயன்று எழுதிவிடலாம்.

ஆனால் நிரல் உங்கள் மேசைக் கணிப்பொறியிலேயே இருந்தால் மன்னார்குடி உழவருக்கு என்ன பயன்? இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் சர்வர் ஒன்று வேண்டும். அதற்குத் தடையில்லா மின்சாரமும் இணைய இணைப்பும் வேண்டும். அதில் இயக்க அமைப்பை நிறுவ வேண்டும். பைத்தானையும் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தையும் ஏற்ற வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் அவற்றைச் சேர்க்க வேண்டும். தகவல் அழிந்துபோனால் மீட்பதற்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். இவற்றுள் ஒன்றாவது நெல்லைப் பற்றியதா? எல்லா நிரல்களுக்கும் பொதுவான வேலைகள் அல்லவா இவை!

மூன்று வழிகள்

இப்பொது வேலைகளைப் பிறரிடம் விட மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில் கணிப்பொறி மட்டும் வாடகைக்குக் கிடைக்கும். மற்றவற்றை நீங்களே நிறுவிக்கொள்ள வேண்டும். இது தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. மூன்றாம் வழியில் முழு மென்பொருளே ஆயத்தமாகக் கிடைக்கும்; மின்னஞ்சல் சேவை ஓர் எடுத்துக்காட்டு. இது உணவு விடுதியில் சாப்பாடு வாங்குவது போன்றது. இடையிலுள்ள இரண்டாம் வழியே மேடைச் சேவை. வாய்க்காலும் வடிகாலும் அமைந்த வயல் அது. விதையும் உழைப்பும், அதாவது நிரலும் தகவலும், உங்களுடையவை.

மேடைக்குள் நடப்பது என்ன?

நீங்கள் நிரலை மேடைக்கு அனுப்பியதும், அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்று மேடை கண்டறிகிறது. அதற்குத் தேவையான துணை நிரல்களைத் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டுகிறது. பிறகு அந்தப் பொதியை ஒரு கணிப்பொறியில் இயக்கிவிட்டு, நின்றுபோகிறதா என்று கண்காணிக்கிறது. நின்றால் மீண்டும் இயக்குகிறது.

ஆனி, ஆடியில் உங்கள் நிரலைத் தேடி வருவோர் சிலரே. தை, மாசியில் கூட்டம் நெரியும். நிரலின் ஒரு நகல் நொடிக்கு 10 பேருக்கு விடை சொல்லும் என்று கொள்வோம். நொடிக்கு 60 பேர் வந்தால், அதற்கேற்ப அமைக்கப்பட்ட மேடை ஆறு நகல்களை இயக்கி, வருவோரைப் பிரித்து அனுப்பும். கூட்டம் குறைந்ததும் நகல்களையும் குறைக்கும். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் என்பது பொது வழக்கம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆறு நகல்களும் தனித்தனிக் குறிப்பேடு வைத்திருந்தால், ஒரே இடத்தை ஆறு பேருக்குக் கொடுத்துவிடும் அல்லவா? ஆகவே எந்த நகலும் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், பொதுவான ஒரே தரவுத்தளத்தில் பதிய வேண்டும். இதற்கேற்ப நிரலை எழுதுவது உங்கள் பொறுப்பு. தேதிக் கணக்கில் பிழை இருந்தால் மேடை அதைத் திருத்தாது. பதரை விதைத்துவிட்டு நீர் பாய்ச்சி என்ன பயன்?

வளர்ந்த வரலாறு

2006-இல் லண்டனிலிருந்து 'ஜிம்கி' என்ற மேடை வெளிவந்தது. இத்துறையின் முன்னோடிகளுள் அது ஒன்று. 2007-இல் அமெரிக்காவில் 'ஹெரோக்கு' தொடங்கப்பட்டது. 2008 ஏப்ரலில் கூகுள் நிறுவனம் 'ஆப் எஞ்சின்' மேடையை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் பைத்தான் நிரல்களை மட்டுமே அது ஏற்றது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த இன்றைய ஜோஹோ நிறுவனம், அதிகம் நிரல் எழுதாமலே செயலிகளை அமைக்க உதவும் 'கிரியேட்டர்' என்ற மேடையை 2006-இல் வெளியிட்டது. இந்திய அரசின் 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் தேசியத் தகவலியல் மையம் 2014-இல் தன் சேவையைத் தொடங்கியது. அரசுத் துறைகளுக்கு அது வழங்கும் சேவைகளுள் மேடைச் சேவையும் ஒன்று.

மதகு யார் கையில்?

வாய்க்காலை நம்பிய உழவருக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்கப்படவில்லை. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர்கள் குறுவை நட்டார்கள். மற்றவர்களுள் பலர் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள்.

மேடையிலும் மதகு பிறர் கையில்தான். ஜிம்கி மேடை 2007 முடிவிலேயே மூடப்பட்டது. ஹெரோக்கு அளித்துவந்த இலவச இடம் 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் அதில் பயிற்சி நிரல்களை வைத்திருந்த மாணவர்கள் கட்டணம் செலுத்தவோ வேறு இடம் தேடவோ வேண்டியதாயிற்று. தொடக்க கால ஆப் எஞ்சினில் வேறொரு சிக்கல்: தகவல்களைச் சேமிக்க அதற்கே உரிய முறையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அம்முறையைச் சார்ந்து எழுதிய நிரலை வேறு மேடைக்கு மாற்றப் பெரும் பகுதியைத் திருத்த நேர்ந்தது.

அப்படியானால் மேடையே வேண்டாமா? நீர் தாமதமாகலாம் என்பதற்காக எந்த உழவரும் வாய்க்காலைத் தூர்ப்பதில்லை; கிணற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார். நீங்களும் அவ்வாறே செய்யலாம். ஒரு மேடையை ஏற்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் தகவல் முழுவதையும் பிற மென்பொருள்கள் படிக்கும் வடிவில் வெளியே எடுக்க முடியுமா? பல மேடைகளும் ஏற்கும் பொதுவான முறையில் என் நிரலை எழுதியிருக்கிறேனா? பயன்பாடு பெருகினால் கட்டணம் எவ்வளவு ஆகும்?

தகவலின் நகல் ஒன்றை மேடைக்கு வெளியே தவறாமல் வைத்திருங்கள். அதுவே உங்கள் விதைநெல். அது கையில் இருந்தால், ஒரு மதகு அடைபட்டாலும் அடுத்த வயலில் நீங்கள் மீண்டும் விதைக்கலாம்.