மண்ணைக் குவித்து நாட்டைப் பிடித்தவர்கள்

இங்கிலாந்துக் கிராமங்களில், சர்ச்சுக்குப் பின்னாலோ ஆடு மேயும் புல்வெளியிலோ, உச்சி தட்டையான ஒரு மண்மேடு சட்டென்று எழுந்து நிற்கும். அடியில் பாதி தூர்ந்த அகழி. அதை ஒட்டி மண்கரை சூழ்ந்த ஒரு வெளி. மேட்டுக்கு மோட் என்று பெயர், வெளிக்கு பெய்லி. நார்மன்கள் கட்டிய பல கோட்டைகளில் இன்று மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்.

பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் பிரபு வில்லியமிடம் இருந்தவர்கள் சில ஆயிரம் வீரர்கள். அடக்கி ஆள வேண்டியதோ ஒரு முழு நாட்டை. கல்கோட்டை கட்டி முடிக்க வருடங்கள் ஆகும், கலகம் அதுவரை பொறுக்காது. மண்ணும் மரமும் எங்கும் கிடைத்தன. வெட்டிச் சுமக்க உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் விருப்பத்தை யார் கேட்டது? 1069-இல் யார்க்கில் இரண்டாவது கோட்டையை எழுப்ப வில்லியம் தங்கியது எட்டே நாள் என்கிறது பழைய வரலாற்றுக் குறிப்பு. லிங்கன் நகரில் கோட்டைக்காக 166 வீடுகள் போயின என்று 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேடு பதிந்திருக்கிறது.

வேலையின் சூட்சுமம் எளிமையானது. அகழியில் வெட்டிய மண்ணே மேடாகும். ஒரே உழைப்பில் பள்ளமும் கிடைத்தது, உயரமும் கிடைத்தது. வெறுமனே கொட்டினால் மழையில் சரிந்துவிடும் என்பதால் மண், களிமண், கல் என்று அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். ஹேஸ்டிங்ஸில் மேடு எழும் காட்சி பேயோ தையல் சித்திரத்தில் இருக்கிறது: மண்வெட்டிக்காரர்களும், வரிவரியாய் நிறம் மாறும் மேடும். உச்சியில் மரவேலியும் காவல் கோபுரமும். லாயம், சமையற்கட்டு, கொல்லன் பட்டறை எல்லாம் கீழே பெய்லியில். அது எதிரி கையில் விழுந்தால் பாலமேறி மேலே ஒதுங்கலாம்.

மரம் மக்கிவிட்டது. சில இடங்களில் பின்னால் கல்லில் கட்டினார்கள், ஆனால் கொட்டிய மண் கல்லின் கனத்தைத் தாங்க வேண்டுமே. யார்க் மேட்டில் எழுந்த கிளிஃபோர்ட் கோபுரம் 14-ஆம் நூற்றாண்டிலேயே மேலிருந்து கீழ்வரை பிளந்தது. கல் ஏறாத தெட்ஃபோர்ட் மேடோ இன்றும் சுமார் 19 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

எல்லா மேடும் நார்மன்கள் எழுப்பியதும் அல்ல. மார்ல்பரோ மேட்டைத் துளையிட்டு எடுத்த கரித்துண்டுகள் கி.மு. 2400-ஐ ஒட்டியவை. யார்க்‌ஷயரின் ஸ்கிப்ஸீ மேடு இரும்புக்காலத்தது. அங்கெல்லாம் நார்மன்கள் எவனோ குவித்துவைத்த மேட்டில் ஏறி வேலி அடித்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களின் முதுகும் கொஞ்சம் தப்பியது.