கெட்ட கனவுக்கு வேறு முடிவு

டிசம்பரில் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் விடிய ஒன்பது மணி தாண்டும். நாலரைக்கு வேர்த்துப்போய்த் திடுக்கிட்டு எழும்பினால், வெளிச்சத்துக்கு இன்னும் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கிடக்கும். பங்கருக்குள் அகப்பட்ட கனவு. போன கிழமையும் அதேதான். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்ல மனம் வராது. குசினியில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் டி-பானே ரயிலுக்கு வெளிக்கிட வேண்டியதுதான்.

இலங்கைப் போரைக் கடந்து வந்த பலருக்கு இது பழகிப்போன விடியல். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மனங்களில் விட்ட வடுவைப் பற்றி 1998இலேயே ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ என்ற நூலை எழுதினார். திரும்பத் திரும்ப வரும் கனவு அந்த மனவடுவின் அடையாளங்களில் ஒன்று. அதற்குச் சிகிச்சை உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஏன் விடியப்புறத்தில் வருகிறது?

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்மணிகள் மூடிய இமைக்குள் ஓடித் திரியும் ஒரு கட்டம் வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். விடியலை நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீளும். கெட்ட கனவும் பெரும்பாலும் அப்போதே வரும்.

அந்த நேரத்தில் கனவில் ஓடுகிறவர் நிஜத்தில் ஓடிவிடாதபடி உடம்பின் தசைகள் பூட்டிக் கிடக்கும். மூளை முந்தி விழித்து, பூட்டு பிந்தித் திறந்தால் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ இருப்பது போலத் தோன்றும். ஊரில் இதை அமுக்குவான் பேய் என்றோம். நோர்வேக்காரரும் நெஞ்சில் ஏறிச் சவாரி செய்யும் ‘மாரெ’ என்ற பேயை நம்பினார்கள். கெட்ட கனவுக்கு அவர்கள் சொல்லும் ‘மாரெரித்’ அதிலிருந்து வந்ததுதான். பயமாக இருந்தாலும் சில நிமிடங்களில் தானாக விட்டுவிடும்.

பிள்ளை படுத்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அலறி எழும்பி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது கெட்ட கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் இரவு அச்சம். எழுப்ப வேண்டாம். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

எது கிளறிவிடுகிறது?

புத்தாண்டு இரவின் வாணவெடி. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, நவம்பர் 27 போன்ற நாட்கள் கிட்ட வருவது. படுக்கையில் கிடந்து கைபேசியில் பார்க்கும் போர்க்காட்சிகள். மதுவும் காரணமாகலாம்: குடித்தவுடன் கனவைக் குறைக்கும், பின்னிரவில் சேர்த்துக் கொண்டுவரும். சில பிரஷர் குளிசைகள், சில மனச்சோர்வுக் குளிசைகள், இரவில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஆகியவையும் கனவைக் கூட்டலாம். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

கனவை எப்படி மாற்றுவது?

திரும்பி வரும் கனவு, முதலில் எங்கிருந்து வந்திருந்தாலும், நாளடைவில் மூளைக்கு ஒரு பழக்கமாகிவிடுகிறது. பழக்கத்தை வேறு பழக்கத்தால் மாற்றலாம். இதற்கு ‘கற்பனை ஒத்திகை’ என்று பெயர். அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் பாரி கிராக்கோவ் குழுவினர் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பழகியவர்களுக்குக் கெட்ட கனவும் குறைந்தது, தூக்கமும் சீரானது.

செய்முறை இதுதான். பகலில், வெளிச்சத்தில், ஒரு கொப்பியோடு இருங்கள். முதல் தடவை மிகக் கொடிய கனவை எடுக்க வேண்டாம். கொஞ்சம் லேசான ஒன்றை எடுங்கள். அதைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு விரும்பியபடி மாற்றுங்கள். பங்கர் வாசல் மண்ணால் மூடுகிறதா? உள்ளே இன்னொரு படிக்கட்டு இருக்கிறது என்று எழுதுங்கள். ஏறினால் வீட்டுக் கிணற்றடி. அம்மா வாளியை இறக்குகிறா, கப்பி கிறீச்சிடுகிறது, காலில் ஈரமண் குளிர்கிறது. நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டாம், கனவுதானே. இந்தப் புதிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திரும்ப ஓட்ட வேண்டாம். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். எழுதும்போதே நெஞ்சு படபடத்து அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு, ஒரு சிகிச்சையாளரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கனவில் இருந்து எழும்பிய உடனே விளக்கைப் போட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். “இது ஒஸ்லோ, இது என்ர வீடு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திருநீறு பூசிப் படுத்தால் மனம் அமைதிப்படும் என்றால் அதையும் செய்யுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

கிழமைக்கு ஒரு தடவையாவது வந்து பகல் வேலையைக் கெடுத்தால், படுக்கவே பயமாக இருந்தால், உங்கள் நிரந்தர வைத்தியரான ஃபாஸ்ட்லேகேயிடம் சொல்லுங்கள். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, கனவோடு சேர்ந்து கை கால் வீசிப் பக்கத்தில் படுப்பவரை அடித்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். அவை வேறு நோய்களாக இருக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: அவசர வைத்திய சேவையான லெகெவாக்த் 116117, உடனடி ஆபத்தென்றால் 113.

நோர்வேஜிய மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஏற்பாடு செய்வது சிகிச்சை தருபவர்களின் பொறுப்பு. கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. மகளைக் கூட்டிப் போக வேண்டாம். சிறுபிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் தடுக்கிறது. பிள்ளைக்கு முன்னால் எந்த அப்பாவும் கனவில் பாதியை விழுங்கிவிடுவார். வைத்தியருக்குத் தேவை அந்தப் பாதிதான்.