தொழிற்சாலை வைஃபையில் செயலி முடங்குவது ஏன்?

மலாக்கா பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். அங்குள்ள நிறுவன வைஃபையில் இணையப் பக்கம் திறக்கும். ஆனால், மின்னஞ்சல் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், புலன (வாட்ஸ்அப்) அழைப்பு போகாது. பெரும்பாலும் இது இணையக் கோளாறு அல்ல; வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது.

இணையச் சேவை ஒவ்வொன்றுக்கும் ‘போர்ட்’ எனும் வாசல் எண் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, 443, மின்னஞ்சல் அனுப்ப 587, பெற 993. நிறுவனத்தின் ஃபயர்வால், தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவைப் போன்றது. பல இடங்களில் 80, 443 ஆகிய இரண்டு வாசல்களுக்கு மட்டுமே அனுமதி.

சில நிறுவனங்களில் அதுவும் நேரடியாக இல்லை. ‘பிராக்சி’ வழியாகத்தான் போக வேண்டும். அன்று தோட்டத்துக் கடிதங்கள் ஆபீஸ் கிராணி கை வழியாக வந்து போனது போலத்தான் இதுவும். செயலி, ‘கனெக்ட்’ என்ற கட்டளையோடு சேர வேண்டிய முகவரியையும் வாசல் எண்ணையும் பிராக்சியிடம் தரும். அனுமதி இருந்தால் பிராக்சி அங்கே இணைப்பை ஏற்படுத்தி, இரு பக்கத் தகவலையும் மாற்றிக் கொடுக்கும். 1996இல் வரையறுக்கப்பட்ட ‘சாக்ஸ் 5’ என்ற முறை, இணையப் பக்கம் அல்லாத செயலிகளுக்கும் இப்படி வழிவிடும்.

ஆனால், பிராக்சி முகவரியை ஏற்கும் வசதி செயலியிலும் இருக்க வேண்டும். புலனம் அந்த வசதியை 2023 ஜனவரியில் அறிவித்தது. குரல் அழைப்புகள் பெரும்பாலும் ‘யுடிபி’ முறையில் செல்வதால், ‘கனெக்ட்’ வழி அவற்றுக்கு உதவாது.

அவசரத்தில் முன்பின் தெரியாத இலவச பிராக்சியைப் போடுவதில்தான் ஆபத்து. ஒட்டிய உறையில் கிராணிக்கு முகவரி மட்டுமே தெரியும். ஒட்டாத கடிதத்தை முழுதாகப் படித்துவிடலாம். மறையாக்கம் இல்லாத தகவலும் அப்படித்தான். நிறுவனக் கணினியில் நிறுவனமே தன் சான்றிதழைப் பதித்திருந்தால், ஒட்டிய உறையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே, வங்கிக் கணக்கை அங்கே திறக்காமல் இருப்பதே நல்லது.

வேலைக்குத் தேவையான செயலி என்றால், தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பிராக்சி முகவரியையும் போர்ட் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சொந்தத் தேவைக்குக் கைப்பேசி டேட்டாவே போதும். ஜாகாவுக்குத் தெரியாமல் வேலி தாண்டப்போய் வேலையை இழக்க வேண்டாம்.