பட்டி அடைத்த நிலமும் கணினித் திரையும்

வில்லரேயில் வளரும் நம் பிள்ளைகளில் அநேகர் செம்மறியாட்டை முதலில் கண்டது ஞாயிறு பாடசாலைப் படத்தில்; அடுத்துக் கண்டது கணினித் திரையில். 2024 ஏப்ரலில் வெளிவந்த ‘மேனர் லோர்ட்ஸ்’ என்ற விளையாட்டு, 14ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பிராங்கோனியாவில் ஓர் ஊரைக் கட்டி எழுப்பச் சொல்கிறது. போலந்து நாட்டவர் ஒருவர் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கியது. “பிள்ளை எந்நேரமும் அதற்குள்ளேதான்” என்று வருந்தும் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

மேய்ச்சல் நிலத்துக்கு வேலியடைத்து, கால்நடைச் சந்தையைக் கட்டி, காசு கொடுத்து ஆடு வாங்க வேண்டும். ஆட்டுப்பண்ணைக் குடும்பம் கம்பளி மயிரைக் கத்தரிக்கும். நெசவுக்காரர் அதை நூலாக்குவார். விளையாட்டு வெளிவந்த நாட்களில் ஆடுகள் தாமாகக் குட்டி ஈனவில்லை. ஊர் வளரும்போது கிடைக்கும் புள்ளி ஒன்றை அதற்கெனச் செலவிட வேண்டியிருந்தது. மெய்யான ஆட்டுக்கு வேண்டியது பொறுமை. அதன் சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம்.

இன்னொரு புள்ளியைச் செலவிட்டால், தரிசு விட்ட வயலில் ஆடுகளை விட்டு மண்ணுக்கு உரமேற்றலாம். பிள்ளைகளுக்கு இது புதுமை. அப்பப்பா, அம்மப்பாவுக்குப் பழகிய காரியம். தமிழ்நாட்டில் இதைக் கிடை போடுதல் என்பார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மந்தையைக் கிடத்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணிகளில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்ததும் இதற்குத்தான்.

கம்பளி விஷயத்தில் மட்டும் நம் ஊர் வேறு. யாழ்ப்பாணச் செம்மறிக்கும் இராமநாதபுரம் வெள்ளை ஆட்டுக்கும் குட்டை மயிர்தான். கம்பளி வேண்டுமானால் நீலகிரி, கோயம்புத்தூர் இனங்களைத் தேட வேண்டும்.

ஆடு வந்தது, ஊர் போனது

உழுது விதைத்து அறுக்கப் பல குடும்பங்கள் வேண்டும்; ஆடு மேய்க்கச் சிலர் போதும். விளையாடுகிறவர் இதைச் சீக்கிரம் கண்டுகொள்வார். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து நிலப்பிரபுக்களும் இதையே கண்டார்கள். கம்பளியில் லாபம் இருந்ததால் வயல்களை மேய்ச்சல் நிலமாக்கிக் குடிகளை வெளியேற்றினார்கள். யோர்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற ஊரின் கடைசிக் குடும்பங்கள் 1500ஆம் ஆண்டையொட்டி இப்படித்தான் போயின. இன்று அங்கே சிதைந்த ஒரு தேவாலயமும், புல் மூடிய வீட்டுத் தடங்களும் இருக்கின்றன.

திரையின் முன் நாம் பிரபுவின் ஆசனத்தில் இருக்கிறோம். நம் பெற்றோரில் பலரோ, வேறு காரணங்களால், காணியையும் கிணற்றையும் விட்டுப் புறப்பட நேர்ந்தவர்கள். வேலி போட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று விளையாட்டு நம்மைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். திரையில் ஆடு ஓர் எண்ணிக்கை மட்டும். நூறில் ஒன்று குறைந்தபோது அதைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையில் வளர்ந்த நமக்கு, அந்த வித்தியாசம் தெரியாமல் போகக்கூடாது.

மெய்யான ஆடுகள் நம் நகருக்கும் வந்ததுண்டு. 2016 கோடையில், பக்கத்து ரோஸ்மொன் பகுதியின் பெலிக்கான் பூங்காவில், புல் மேய ஒரு சிறு மந்தையை விட்டார்கள். அக்கம்பக்கத்தார் தொண்டர்களாக மேய்ப்பர் வேலை பார்த்தார்கள்.

பெற்றோரே, “நிறுத்து” என்று சொல்லுமுன் ஒரு தரம் பக்கத்தில் அமர்ந்து அந்த ஊரைக் காட்டச் சொல்லுங்கள். வாலிபரே, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பட்டி அடைத்த கதையைக் கேளுங்கள். அவர்கள் நினைவில் இருக்கும் ஊரை அவர்களைத் தவிர வேறு யாரும் உங்களுக்குக் காட்ட முடியாது.